வீடு மாறும்போது எழுதிய பட்டியல்: வாங்கியிருக்கவே வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றும் பொருள் எது?

சிறுவாணிக்காரி | சனி, காலை 7:10

வணக்கம். போன மாதம் வீடு மாறினோம். பதினோரு வருடம் இருந்த வீடு. மூட்டை கட்டும்போது, ஒரு வருடத்துக்கு மேல் கை படாமல் கிடந்த பொருட்களை எல்லாம் கூடத்தில் ஒரு பக்கமாக எடுத்து வைத்தேன். பிறகு பழைய நோட்டு ஒன்றில் ஒவ்வொன்றாக எழுதினேன். என்ன பொருள், எப்போது வாங்கியது, என்ன விலை, கடைசியாக எப்போது எடுத்தது. ரசீது கிடைக்காதவற்றுக்கு வங்கிக் கணக்கைப் பார்த்துத் தேதி கண்டுபிடித்தேன். மொத்தம் 61 பொருட்கள். கூட்டிப் பார்த்தால் ரூ.1,87,000 சொச்சம்.

அந்தத் தொகையை விட என்னை வருத்தியது வேறு ஒன்று. 2022 ஜூலையில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக என் வளையலை அடகு வைத்தோம். அதே ஜூலையில்தான் ரூ.9,800 கொடுத்து ஓவன் வாங்கியிருக்கிறேன். வங்கிக் கணக்கில் இரண்டும் நான்கு வரி இடைவெளியில் நிற்கின்றன. வாங்கிய அன்று இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. ஓவனில் நான்கு முறை கேக் செய்தோம், அவ்வளவுதான். வளையலை மீட்க பதினாறு மாதம் ஆனது.

பட்டியலைப் பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் தெளிவானது. சின்னச் சின்னப் பொருட்கள் எண்ணிக்கையில்தான் அதிகம். பணத்தில் பாதிக்கு மேல் ஏழே ஏழு பொருட்களில் போயிருக்கிறது. அந்த ஏழில் ஒன்றைக்கூட, அது இல்லாமல் வீட்டில் வேலை நின்றுபோனதால் நான் வாங்கவில்லை. ஓவன் நாத்தனார் வீட்டில் பார்த்து வந்தது. தையல் மெஷின், கொரோனா ஊரடங்கில் ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பில் வந்தது. தண்ணீரில் கரைந்த உப்பை நீக்கும் ஆர்.ஓ. சுத்திகரிப்பான், ரூ.14,500 கொடுத்தது, பயத்தில் வந்தது.

அந்த ஆர்.ஓ. கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாங்கள் கோவையின் மேற்குப் பக்கம். குடிக்கச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. விற்க வந்தவர் ஒரு கண்ணாடி டம்ளரில் எங்கள் தண்ணீரை ஊற்றி, மின்கம்பி வைத்த கருவியை உள்ளே விட்டார். தண்ணீர் பழுப்பாக மாறி அடியில் கசடு தங்கியது. "இதைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறீர்களா அக்கா?" என்று கேட்டார். மகளுக்கு அப்போதுதான் டைபாய்டு வந்து தேறியிருந்தது. அன்று மாலையே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

என் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் பிறகு விளக்கினார். அந்தக் கருவியில் இருப்பது இரும்புக் கம்பி. மின்சாரம் பாயும்போது கம்பியே கரைந்து துருவாகப் படிகிறது. எந்தத் தண்ணீரில் தாது உப்பு இருந்தாலும் நிறம் மாறத்தான் செய்யும், அது அழுக்கு அல்ல. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டரை அவரே கொண்டுவந்து அளந்தார். எங்கள் குழாய்த் தண்ணீர் 50ஐத் தொடவில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். அந்த அளவுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வே கூடாது என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கிருமி பயத்துக்குக் கொதிக்க வைத்தாலே போதுமாக இருந்தது. நான்கு வருடம் சர்வீஸ் ஒப்பந்தத்துக்கும் பணம் கட்டி, பாதித் தண்ணீரைச் சாக்கடையில் விட்டோம்.

உங்கள் வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? விலையை மட்டும் சொல்லாமல், வாங்கிய அன்று மனதில் என்ன ஓடியது என்றும் எழுதுங்கள். எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

---

முகவை_தம்பி | சனி, காலை 8:02

அக்கா, ஒரு விஷயம். எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அளந்தால் 1,600, 1,800 என்று காட்டும். பருப்பு வேகாது. எங்களுக்கு ஆர்.ஓ. இல்லாவிட்டால் கேன் தண்ணீர்தான், மாதம் ஆயிரம் ரூபாய் ஆகும். நாங்கள் வாங்கிய பொருட்களிலேயே உருப்படியானது அதுதான். எனவே "ஆர்.ஓ. வீண்" என்று யாரும் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டாம்.

---

சிறுவாணிக்காரி | சனி, காலை 8:20

ரொம்பச் சரி தம்பி. அளக்காமல் வாங்கினேன் என்பதுதான் என் குறை. 300 ரூபாய் மீட்டர் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு விற்பனையாளர் சொல்லக் கேட்டேன்.

---

மாட்டுத்தாவணி | சனி, காலை 11:45

நான் பொருளைச் சொல்லப் போவதில்லை, வாங்கிய விதத்தைச் சொல்கிறேன். கிரெடிட் கார்டு.

2021இல் ரூ.24,000க்கு ஒரு போன். "நோ காஸ்ட் இ.எம்.ஐ." ஆறு மாதம், மாதம் 4,000. வட்டி இல்லை என்று நம்பினேன். கணக்கு அறிக்கை வந்தபோதுதான் புரிந்தது. வங்கி 15% வட்டி போடுகிறது, அந்த வட்டித் தொகையைக் கடைக்காரர் முதலிலேயே தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார். வட்டி சுமார் ஆயிரம் ரூபாய். அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. நம் தலையில். செயல்பாட்டுக் கட்டணம் 199, அதற்கும் ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 415 ரூபாய் போல கூடுதல். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

415 ரூபாய் பெரிய பணம் இல்லை. ஆனால் 24,000 என்ற எண் என் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. 4,000 மட்டும் தெரிந்தது. மொத்தமாக எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தால் 11,000 ரூபாய் போனோடு திரும்பியிருப்பேன். அடுத்த மாதம் அதே மாதிரி டிவி, அதற்கடுத்து மனைவிக்கு வாட்ச். ஒவ்வொன்றும் "மாதம் கொஞ்சம்தானே". ஐந்து கொஞ்சம் சேர்ந்து சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆனது.

பிறகு தீபாவளி வந்தது. பில் 40,000. குறைந்தபட்சத் தொகை 2,000 கட்டினால் போதும் என்று இருந்தது, கட்டினேன். என் அட்டைக்கு மாத வட்டி 3.5%. 40,000க்கு 1,400. அதற்கு ஜி.எஸ்.டி. 252. நான் கட்டிய 2,000இல் கடனில் கழிந்தது 350 ரூபாய் கூட இல்லை. பாக்கி வைத்திருக்கும் வரை, புதிதாக வாங்கும் பால் பாக்கெட்டுக்கும் அன்றைய தேதியிலிருந்தே வட்டி ஓடும் என்பதும் எனக்கு அன்று தெரியாது.

வெளியே வர ஒன்பது மாதம் ஆனது. அப்பாவிடம் கேட்டுத்தான் அடைத்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவருடைய வைப்புநிதிப் பத்திரத்தை எடுத்துவர பீரோவைத் திறந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

---

ஓய்வுபெற்ற_கணக்கர் | சனி, மதியம் 3:30

முப்பத்திரண்டு வருடம் வங்கியில் இருந்தவன். தம்பி மாட்டுத்தாவணி எழுதியதை ஒவ்வொரு இளைஞரும் படிக்க வேண்டும்.

என் வீட்டு விஷயமும் சொல்கிறேன். வங்கியில் வேலை பார்த்தும் தப்பவில்லை. 2008இல் மைத்துனர் மூலமாக ஒரு எண்டோமென்ட் பாலிசி, அதாவது காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது. வருடம் 36,000, இருபது வருடம். அவர் அப்போதுதான் ஏஜென்ட் ஆகியிருந்தார், மாத இலக்குக்கு ஒன்று குறைகிறது என்றார். முகத்துக்கு நேராக மறுக்க முடியவில்லை. காப்பீட்டுத் தொகை ஆறு லட்சம். நான் போயிருந்தால் குடும்பத்துக்கு ஆறு லட்சம் எந்த மூலைக்கு? அன்றைக்கு அதே பணத்தில் ஒரு சிறு பகுதிக்கு, பல மடங்கு தொகைக்கு, சேமிப்பு கலக்காத வெறும் காப்பீடான டெர்ம் பாலிசி எடுத்திருக்கலாம்.

நான் செய்த உண்மையான தவறு எடுத்தது அல்ல, தொடர்ந்தது. மூன்றாம் வருடமே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆண்டுக்கு ஐந்து, ஐந்தரை சதவீதம்தான் தேறும் என்று தெரிந்தது. ஆனாலும் "ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியாயிற்றே" என்று மேலும் பத்து வருடம் கட்டினேன். போட்ட பணத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, போடாத பணத்தையும் உள்ளே விட்டேன். பிரீமியத்தை நிறுத்திவிட்டு, குறைந்த தொகைக்குப் பாலிசியை அப்படியே விட்டுவைக்கும் பெய்ட்-அப் வழி இருந்தது. மைத்துனர் வருத்தப்படுவாரே என்று அதையும் செய்யவில்லை.

இப்போது பாலிசி பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். முன்பு 15 நாள்தான், 2024இல் கூட்டினார்கள். உறவுக்காரர் முன் வாய் திறக்க முடியாதவர்கள், வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்துவிட்டு எழுதி அனுப்பலாம்.

---

கயல் | சனி, இரவு 9:15

நகையைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் வீடுகளில் அதைச் செலவு என்றே சொல்ல மாட்டார்கள். "சேமிப்பு" என்றுதான் பெயர்.

அட்சய திருதியைக்கு அம்மாவோடு போய் மூன்று பவுனில் ஒரு ஆரம் வாங்கினேன். 24 கிராம். வேலைப்பாடு அதிகம் என்று 16% சேதாரம். அதாவது 3.84 கிராம், கிட்டத்தட்ட அரைப் பவுன். இல்லாத தங்கத்துக்குத் தங்க விலையே கொடுத்தேன். அதற்கும் 3% ஜி.எஸ்.டி. ஆரத்தை இரண்டு கல்யாணத்துக்குப் போட்டேன். பிறகு லாக்கர், அதற்கு வருட வாடகை.

---

பொருநை | சனி, இரவு 9:40

கயல், நீங்கள் வாங்கியதற்குப் பிறகு தங்கம் எவ்வளவு ஏறிவிட்டது! லாபத்தில்தானே இருக்கிறீர்கள்? இதை எப்படி வீண் என்று சொல்வீர்கள்?

---

கயல் | சனி, இரவு 10:05

ஏறியது தங்கம். அந்த அரைப் பவுன் ஏறவில்லை, அது அன்றே போய்விட்டது. அதே பணத்துக்கு நாணயமாகவோ, சேதாரம் குறைந்த சாதா வளையலாகவோ வாங்கியிருந்தால் அந்த அரைப் பவுனில் பெரும்பகுதியும் சேர்ந்து ஏறியிருக்கும். நகை போட ஆசை என்றால் போடுவதற்கு வாங்கலாம், தப்பே இல்லை. சேமிப்பு என்றால் சேமிப்பாக வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே பொருளில் தேடியதுதான் என் பிழை. வாங்கிய அன்று மனதில் ஓடியதைக் கேட்டீர்கள் அக்கா. கடையில் அம்மாவின் முகம். அவர் கல்யாணத்தில் போட முடியாததை எனக்குப் போட்டுப் பார்த்தார். அதை மட்டும் நான் நஷ்டத்தில் எழுத மாட்டேன்.

---

பொருநை | ஞாயிறு, காலை 6:50

இரவெல்லாம் யோசித்தேன். ஒரு மாற்றுக் கருத்து. யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் அப்பா சிக்கனக்காரர். ஊரே அவரை உதாரணம் காட்டும். கிரைண்டர் வாங்கலாம் என்று அம்மா 1990களிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "கை இருக்கு, கல் இருக்கு, கரண்டுக்கு ஏன் அழணும்" என்பார் அப்பா. ஐந்து பிள்ளைகளுக்கும் ஆட்டுக்கல்லில்தான் மாவு. நாற்பத்தைந்து வயதிலேயே அம்மாவுக்கு மணிக்கட்டும் தோளும் போய்விட்டது. கடைசியில் 2011இல் அரசு கொடுத்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில்தான் எங்கள் வீட்டுக்கு கிரைண்டர் வந்தது. முதல் நாள் மாவு ஓடும்போது அம்மா பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா மிச்சம் பிடித்த பணம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஒரு கிரைண்டர் விலை. அம்மாவின் தோளுக்குப் பிசியோதெரபிக்குக் கொடுத்தது அதைப் போல ஆறு மடங்கு. வலியை எந்த நோட்டில் எழுதுவது?

வீணாக வாங்கியவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டீர்கள். வாங்காமல் விட்டதால் வீணானவற்றுக்கும் ஒரு பட்டியல் போட வேண்டும். அதில் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையைக் குறைக்கும் பொருட்கள்தான் இருக்கும்.

---

சிறுவாணிக்காரி | ஞாயிறு, காலை 9:30

பொருநை, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தையல் மெஷினை வாங்கிய அதே வருடம், துணி துவைக்கும் இயந்திரம் பழுதாகி எட்டு மாதம் கையால் துவைத்திருக்கிறேன். "அதற்கு இப்போது செலவு வேண்டாம்" என்று நானேதான் தள்ளிப் போட்டேன். ஆசைக்குக் கைநீட்டிய நான், அன்றாடத் தேவைக்குக் கணக்குப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதும் வரை இது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். 2,000 ரூபாய்க்கு மேல் எதுவாக இருந்தாலும் முதலில் அந்த நோட்டில் எழுதுவேன். பொருளின் பெயரை அல்ல, அது எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதை. "மிக்சி" என்று எழுத மாட்டேன், "சட்னி அரைக்கும்போது ஜார் ஒழுகுகிறது" என்று எழுதுவேன். பாதி நேரம் ஜாரின் வாஷர் மாற்றுவதோடு முடிந்துவிடுகிறது. மூன்று வாரம் கழித்தும் அந்த வரி உறுத்தினால் வாங்குவேன். ஆடித் தள்ளுபடி, தீபாவளிச் சலுகை என்று யார் அவசரப்படுத்தினாலும் அந்த மூன்று வாரத்தில் மாற்றம் இல்லை. என் 61இல் 38 பொருட்கள் தீபாவளியை ஒட்டிய ஆறு வாரங்களில் வந்தவை.

---

முகவை_தம்பி | ஞாயிறு, காலை 10:10

ஆன்லைனில் "இன்னும் 2 மட்டுமே உள்ளன", "14 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று ஓடுவதைப் பார்த்து நான் வாங்கியவை நிறைய. இதைச் சட்டப்படியே தவறு என்று சொல்லியிருக்கிறார்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. பொய்யான அவசரம் காட்டுவது, கூடையில் நம்மைக் கேட்காமல் காப்பீடோ நன்கொடையோ சேர்ப்பது, சந்தாவிலிருந்து விலக விடாமல் சுற்ற வைப்பது எல்லாம் அதில் உண்டு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம். ஒரு பயணச் சீட்டில் இப்படித் தானாகச் சேர்ந்த காப்பீட்டுப் பணத்தை நான் அப்படித்தான் திரும்பப் பெற்றேன்.

---

தாழம்பூ | ஞாயிறு, மாலை 5:20

எல்லோருக்கும் வணக்கம். இழை முழுவதையும் படித்தேன். எனக்கு ஒரு கேள்வி. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது, சென்னையில் இருவரும் வேலைக்குப் போகிறோம். பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கலாமா என்று மூன்று மாதமாக யோசிக்கிறேன். விலை 30,000க்கு மேல். மாமியார் "ரெண்டு பேர் தட்டைக் கழுவ மிஷினா?" என்கிறார். இதுவும் என் வீட்டில் மூலையில் கிடக்கும் பொருளாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கையிருப்பில் பணம் உண்டு, கடன் வேண்டாம்.

---

பொருநை | ஞாயிறு, மாலை 5:45

இப்போது உங்கள் வீட்டில் யார் கழுவுகிறார்கள்? அதை முதலில் சொல்லுங்கள்.

---

தாழம்பூ | ஞாயிறு, மாலை 6:05

நான்தான். அவர் சமைப்பார், நான் கழுவுவேன். இரவு பத்தரைக்கு மேல் ஆகிவிடும். வேலைக்கு ஆள் வைத்தோம், நாங்கள் கிளம்பும் நேரமும் அவர் வரும் நேரமும் ஒத்துவரவில்லை.

---

சிறுவாணிக்காரி | ஞாயிறு, இரவு 8:00

தாழம்பூ, ஒரு வாரம் மட்டும் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு இரவும் எத்தனை பாத்திரம், எவ்வளவு நேரம், அதில் குக்கர், இரும்புக் கடாய், தோசைக்கல் எத்தனை. இரும்பும் நான்-ஸ்டிக்கும் அதில் போட முடியாது. அவையே பாதி என்றால் இயந்திரம் வந்தாலும் நீங்கள் தொட்டிக்கு முன்னால் நிற்கத்தான் வேண்டும். இயந்திரம் வாங்கியவர்கள் யாராவது தெரிந்தால் ஒரு நாள் உங்கள் பாத்திரத்தையே எடுத்துப்போய்ப் போட்டுப் பாருங்கள். மாமியாருக்குப் பதில் அந்த நோட்டே சொல்லும்.

(என் ஆர்.ஓ.வைப் பல்லடத்தில் சித்தி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே போர் தண்ணீர், மீட்டர் வைத்து அளந்தால் 1,150. உள்ளே உப்பை வடிக்கும் சவ்வை (மெம்பிரேன்) மட்டும் புதிதாக மாற்றினோம்.)

---

தாழம்பூ | அடுத்த திங்கள், இரவு 10:15

எழுதினேன். ஏழு இரவுகள், சராசரி 34 உருப்படி, 50 நிமிடம். கையால் கழுவியே ஆக வேண்டியவை மூன்று மட்டும்தான். அலுவலகத் தோழி வீட்டில் ஒரு நாள் போட்டுப் பார்த்தோம். சாம்பார் குண்டானும் இட்லித் தட்டும் சுத்தமாக வந்தன, பால் அடிப்பிடித்த பாத்திரம் வரவில்லை. நோட்டை மாமியாரிடம் காட்டினேன். "தினமும் பத்தரைக்கா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் அவரே, அடுப்படியில் பழைய மைக்ரோவேவ் இருக்கும் மேடையைக் காலி செய்துவிடு, இடம் சரியாக இருக்கும் என்றார்.

மொத்தப் பணமும் கொடுத்து வாங்குகிறோம், சனிக்கிழமை வருகிறது. எங்கள் அடுக்ககத்தில் போர் தண்ணீர், கடினத்தன்மை அதிகம். அந்தக் கடினத்தைக் குறைக்க இயந்திரத்தில் தனி உப்பு போட வேண்டும் என்கிறார்கள். வீட்டு உப்பு ஆகுமா?

---

முகவை_தம்பி | அடுத்த திங்கள், இரவு 10:40

சமையல் தூள் உப்பு போடாதீர்கள் அக்கா, கட்டிபடாமல் இருக்க அதில் சேர்ப்பவை உள்ளே போய் அடைக்கும். இயந்திரத்துக்கென்று விற்கும் கல் போன்ற உப்பு வேறு. போர் தண்ணீரின் கடினத்தன்மையை முதலில் அளந்து, அந்த அளவை இயந்திரத்தில் வைத்துவிடச் சொல்லுங்கள். பொருத்த வருபவர் கேட்காமல் போய்விடுவார், நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.